ஒன்பது வாரத் திட்டம், எனக்குப் பதினாலு வாரம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, ஓடிப் பழக்கமில்லாதவர்களை ஒன்பது வாரத்தில் ஓட வைக்கிற திட்டம். ஒரு மூலையில் சாம்பார் தெறித்த கறை, இன்னொரு மூலையில் பிய்ந்துபோன செலோ டேப். மகன் காலேஜ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஐந்து ரூபாய் கொடுத்து பிரிண்ட் எடுத்து வந்தது. உடற்பயிற்சி என்ற பேரில் இதுவரைக்கும் நான் விட்ட காசில் உருப்படியானது அந்த ஐந்து ரூபாய் ஒன்றுதான்.

விட்ட காசின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். செகண்ட் ஹேண்டில் 14,000 ரூபாய்க்கு வாங்கிய டிரெட்மில், முதல் மாதம் ஓடியது, இரண்டாம் மாதம் நின்றது, மூன்றாம் மாதத்திலிருந்து ஈரத் துண்டு காயப்போடும் கொடியானது. 6,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டோம். அடுத்தது ஜிம். ஒரு வருசத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், 12,000 கட்டினேன், போனது ஒன்பது நாள். நாள் ஒன்றுக்கு ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல். அந்தக் காசுக்கு ஊட்டிக்குப் போய் ரூம் போட்டே நடந்துவிட்டு வந்திருக்கலாம். அப்புறம் காலடி எண்ணுகிற வாட்ச். தினமும் 10,000 அடி கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பத்தாயிரம் ஏதோ பெரிய ஆராய்ச்சியில் வந்த கணக்கென்று பயந்துபோய் ராத்திரி பத்து மணிக்கு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். 1965-இல் ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற காலடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்தார்களாம், எண் அங்கேயிருந்து பரவியதுதானாம். பிற்பாடுதான் தெரிந்தது. வாட்ச் இப்போது மகன் கையில் இருக்கிறது.

எனக்கு வயசு 46. கோயமுத்தூரில் சுங்கம் பக்கம் வீடு. மோட்டார் பம்ப் விற்கிற கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஏழுக்கு எழுந்திருப்பேன். ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரைக்கும் சர்க்கரைக்கு முந்தைய நிலை. "இன்னும் வாசல்லதான் நிக்கிறீங்க, உள்ள போயிராதீங்க" என்றார் டாக்டரம்மா.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுவதற்கென்றே நம் பஞ்சாங்கத்தை எழுதி வைத்திருக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆடியில் புதுசாக எதுவும் ஆரம்பிக்கக் கூடாது, ஆவணி வரட்டும். ஆவணியில் முகூர்த்தம், வாரத்துக்கு ரெண்டு கல்யாணம். புரட்டாசியில் விரதம், வயிறு காலி. ஐப்பசி மழை, போதாக்குறைக்குத் தீபாவளி முறுக்கு. கார்த்திகையில் தூறல், மார்கழியில் குளிர். சரி, தை பிறந்தால் வழி பிறக்கும். தையில் பொங்கலுக்கு ஒறம்பரை வந்துவிடுவார்கள். இதுக்கு நடுவில் 'நாளைக்கு தண்ணி வர்ற நாள்' என்பது நிரந்தரச் சாக்கு. சிறுவாணித் தண்ணீரைப் பிடித்து வைக்காமல் எந்தப் பொம்பளை விடியற்காலையில் ஷூ மாட்டுவாள்?

இந்த லட்சணத்தில் இருந்த என்னிடம்தான் மகன் அந்தத் தாளை நீட்டினான். 'கௌச் டு ஃபைவ் கே'. சோபாவில் கிடக்கிறவர்களை ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட வைப்பதற்கான திட்டம். அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்பவர் 1996-இல் போட்டது. அப்போது அவருக்கு வயசு 25. ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவை எழுப்பி ஓட வைக்கத்தான் இதை எழுதினாராம். பின்னாளில் பிரிட்டனின் அரசாங்க மருத்துவத் துறையே இதை எடுத்துக்கொண்டு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அவர்களுடைய ஆப்பில் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய மைக்கேல் ஜான்சன் மாதிரி ஆட்கள் காதுக்குள்ளே வந்து தைரியம் சொல்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இதே திட்டத்தை வைத்து வேறு யாரோ செய்த ஒரு ஆப்பை மகன் முதலில் போட்டுக் கொடுத்தான். இரண்டாவது நாளே ஓட்டத்துக்கு நடுவில் விளம்பரம் வந்தது, மூன்றாவது நாள் பணம் கேட்டது. அழித்துவிட்டேன். தாளும், பீப் அடிக்கிற சாதாரண டைமரும் போதும்.

திட்டம் இவ்வளவுதான். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிசம் வேக நடையில் ஆரம்பம். முதல் வாரத்தில் 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை, இப்படி மாற்றி மாற்றி 20 நிமிசம். கூட்டிப் பார்த்தால் எட்டே எட்டு நிமிசம்தான் ஓட்டம், அதுவும் எட்டுத் துண்டாக.

எனக்குச் சிரிப்பு வந்தது. "இதுக்கு எதுக்குக் கண்ணு தாளு? குக்கர்ல மூணாவது விசில் வர்றதுக்குள்ள இதுக்கு மேலயே ஓடறேன்."

"அப்ப இன்னைக்கே போயிட்டு வாங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு 2024 ஜூலை 30. ஆடி மாதம், அதுவும் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் எது தொடங்கினாலும் வெறுவாய்தான் என்பாள் எங்கள் அம்மா. நல்ல நேரம் பார்க்காமல் நான் ஆரம்பித்த ஒரே காரியம் இது. நல்ல நேரம் பார்த்திருந்தால் இன்றைக்கும் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன்.

ரேஸ்கோர்ஸுக்கு ஸ்கூட்டியில் ஐந்து நிமிசம். தெரியாதவர்களுக்காக: அது கோயமுத்தூரின் நடுவில் சுமார் இரண்டரை கிலோமீட்டர் சுற்றளவுள்ள நடைபாதை. மரநிழல், உட்கார பெஞ்சு, விடிகாலையிலிருந்தே ஆள் நடமாட்டம். பொம்பளை தனியாக ஓட இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் ஓடினால் நாய்கள் கூடவே ஓடும். அப்போது தாளில் போட்டிருக்கிற கணக்குக்கு ஓட முடியாது.

முதல் ஓட்டத்தின் முதல் 60 வினாடி. அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. ஐந்தாவது துண்டில் குல்லா போட்டுக் கைத்தடியோடு நடந்துவந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"ஏனம்மிணி, ஓடறயா நடக்கறயா? ஒரு முடிவுக்கு வா."

"ரெண்டுந்தானுங்கய்யா" என்றேன். அதற்கு மேல் பேச மூச்சில்லை.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு துண்டு ஓடியிருக்கலாமோ என்று தோன்றியது. அந்த எண்ணம் எனக்குப் புதுசு. டிரெட்மில்லில் முதல் நாளே அரை மணி நேரம் ஓடிவிட்டு நாலு நாள் படி இறங்க முடியாமல் கிடந்தவள் நான். இந்தத் தாள் பசி அடங்குவதற்குள் இலையை மடிக்கச் சொல்லிவிடுகிறது. நாளைக்குப் போகவும் கூடாது, நாளை மறுநாள்தான். நாலு நாள் ஓடாமல் இருப்பதும் திட்டத்தில் சேர்த்தி என்பதால் அந்த நாலு நாளும் குற்ற உணர்ச்சி கிடையாது. 'இன்னைக்குப் போலாமா வேண்டாமா' என்ற பட்டிமன்றமும் ஒழிந்தது. செவ்வாய், வியாழன், சனி. மற்ற நாளில் மனசே வந்து கெஞ்சினாலும் கதவு சாத்தி.

எனக்கு ஊக்கம் இல்லை என்றுதான் இத்தனை வருசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் பயந்தது அரை மணி நேர ஓட்டத்துக்கு. 60 வினாடிக்கு யாருக்கும் ஊக்கம் தேவைப்படுவதில்லை.

ஆனால் படுக்கையிலிருந்து ஸ்கூட்டி வரைக்குமான தூரத்துக்குத் தாளில் எந்தக் குறிப்பும் இல்லை. அது நானே கண்டுபிடித்துச் சேர்த்தது. முந்தின ராத்திரி ஓடுகிற உடுப்பிலேயே படுத்துவிடுவேன். ஸ்கூட்டி சாவியை ஷூவுக்குள் போட்டு வைப்பேன், ஆபீசுக்குப் போகவாவது ஷூவைத் தொட்டாக வேண்டும். மூன்றாவதாக எனக்கு நானே போட்டுக்கொண்ட ஒப்பந்தம்: அந்த ஐந்து நிமிச நடையை மட்டும் முடி, அதுக்கப்புறமும் பிடிக்கவில்லையென்றால் வீட்டுக்கு வந்துவிடு, யாரும் கேட்க மாட்டார்கள். பதினாலு வாரத்தில் அப்படித் திரும்பி வந்தது ஒரே ஒரு நாள். தண்ணி வருகிற நாள் வியாழனோடு மோதினால் வெள்ளிக்கு மாற்றிக்கொண்டேன், சனி ஞாயிறுக்குப் போனது. வானம் இடிந்து விழவில்லை.

ஓடிய நாளைச் சமையலறை காலண்டரில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் குறிப்பேன். அதே காலண்டரில்தான் பால் கணக்கும். மாசக் கடைசியில் வீட்டுக்காரர் பால்காரருக்குக் கணக்குத் தீர்க்க உட்கார்ந்தவர், "ஆகஸ்ட்ல பதினோரு பாக்கெட் எச்சா வாங்கியிருக்குதே, ஒறம்பரை யாரு வந்தாங்க?" என்றார். நான் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். காலையில் கோயிலுக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

மூன்றாவது வாரத்தில் ஒன்றரை நிமிசமும் மூன்று நிமிசமுமாக ஓட வேண்டும். அங்கேதான் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி பிடித்தது. தப்பு திட்டத்தில் இல்லை, நான் மாட்டியிருந்தது மகன் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட பழைய ஷூ. அடிப்பாகம் அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. ஆயிரத்து ஐந்நூறுக்கு ஓட்டத்துக்கான ஷூ வாங்கினேன். பெண்கள் ஷூவுக்கு முன்னால் வாங்க வேண்டியது ஓட்டத்துக்கென்று விற்கிற உள்ளாடை. இதை யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன், அது இல்லாமல் ஓடினால் முதல் வாரத்தோடு விட்டுவிடுவீர்கள். வலி போகும்வரை அதே மூன்றாம் வாரத்தை மறுபடி செய்தேன். மூச்சும் இதயமும் சீக்கிரம் பழகிவிடுகின்றன, எலும்பும் தசைநாரும் மெதுவாகத்தான் பழகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று திட்டம் அடம்பிடிப்பது அதனால்தான். அந்த வாரத்துக்கு அடுத்த வாரம் பொள்ளாச்சியில் நாத்தனார் மகள் கல்யாணம், அது முழுக்க லீவு.

இனி ஐந்தாவது வாரம். திட்டத்தை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் வந்த இடம். முதல் நாள், ஐந்து ஐந்து நிமிசமாக மூன்று ஓட்டம், நடுவில் மும்மூன்று நிமிச நடை. இரண்டாம் நாள், எட்டு நிமிசம் ஓடி, ஐந்து நிமிசம் நடந்து, மறுபடி எட்டு. சரி, நியாயம். மூன்றாம் நாள்? இருபது நிமிசம் ஒரே ஓட்டம். நடுவில் நடையே இல்லை. பாலர் வகுப்பிலிருந்து நேராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அச்சுப்பிழை என்று மகனுக்குப் போன் செய்தேன். "பிழையில்லம்மா, எல்லாரும் அங்கதான் கத்துவாங்களாம்" என்றான்.

முதல் முயற்சியில் பதினோராவது நிமிசத்தில் நின்றுவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து அருகம்புல் ஜூஸ் குடித்துவிட்டு வந்தேன், அது தோல்விக்கு நல்ல மருந்து. அடுத்த வாரம் அதே ஐந்தாம் வாரத்தைத் திரும்பச் செய்தேன். இரண்டாம் முயற்சி பதினாறு நிமிசம் வரை போனது. எங்கள் கடைக்கு வருகிற ஒரு வாடிக்கையாளரின் மனைவி எதிரில் நடந்துவந்தார், அவர் பார்க்கிறாரே என்று வெசையாக நாலு எட்டு வைத்தேன், அதோடு நாக்குத் தள்ளிவிட்டது. அன்றைக்கு ராத்திரி யோசித்ததில் ஒன்று புரிந்தது: தாளில் நேரம்தான் போட்டிருக்கிறதே ஒழிய வேகம் போடவில்லை. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும் என்கிறார்கள். நான் ஓடியது பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில்.

மூன்றாம் முயற்சி செப்டம்பர் 28, புரட்டாசி இரண்டாவது சனி. பெருமாளுக்குத் தளிகை போட வேண்டும் என்பதால் நாலரைக்கே எழுந்து அரிசி ஊற வைத்துவிட்டுப் போனேன். கைத்தடிப் பெரியவர் என்னைத் தாண்டிப் போய்விடுவாரோ என்று சந்தேகப்படுகிற அளவுக்கு மெதுவாக ஓடினேன். ஏழாவது நிமிசத்தில் அழுகை வருகிற மாதிரி இருந்தது, பதினொன்றில் ஒன்றும் தோன்றவில்லை, பதினாறு தாண்டியதும் தளிகைக்குத் தயிர் இருக்கிறதா என்ற யோசனை வந்துவிட்டது. பீப் அடித்தபோது ஸ்கூட்டி நிறுத்தியிருந்த இடத்திலேயே நின்றிருந்தேன். ஒரு முழுச் சுற்று. பெரியவர் எதிர்ப்பட்டார், ஒன்றும் கேட்கவில்லை, தடியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

எட்டிலிருந்து இருபதுக்கான அந்தக் குதிப்பைத் திட்டம் எழுதியவர் ஏன் அங்கே வைத்தார் என்பது எனக்கு இப்போது புரிகிறது. இருந்தாலும் நடுவில் பன்னிரண்டு, பதினைந்து என்று இன்னும் ரெண்டு படி வைத்திருக்கலாம். இந்த இடத்தில் விட்டுவிட்டு ஓடிப்போனவர்கள் ஏராளமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அதுக்கப்புறம் பெரிசாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறாம் வாரம், ஒரு வாரம் காய்ச்சல், ஏழில் 25 நிமிசம், எட்டில் 28, ஒன்பதில் 30. கடைசி ஓட்டம் நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள், போகிற வழியெல்லாம் வெடித்த பட்டாசுக் காகிதம், மழையில் நனைந்து ரோட்டோடு ஒட்டிக்கிடந்தது. முப்பது நிமிசம் ஓடி முடித்தேன். ஒன்றரைச் சுற்று, சுமார் மூன்றே முக்கால் கிலோமீட்டர்.

கவனித்தீர்களா? ஐந்து இல்லை. என் முக்கியமான புகார் இதுதான். பேரில் ஐந்து கிலோமீட்டர் என்று போட்டுவிட்டு முடிவில் முப்பது நிமிச ஓட்டத்தைக் கொடுக்கிறார்கள். முப்பது நிமிசத்தில் ஐந்து கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகம் வேண்டும். நாற்பத்தாறு வயசில் புதுசாக ஓட ஆரம்பித்தவளுக்கு அது நடக்கிற காரியமில்லை. ரேஸ்கோர்ஸை ரெண்டு சுற்று, அதாவது ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் முடித்தது அடுத்த பிப்ரவரியில்தான், 41 நிமிசத்தில். மூன்றே முக்காலே எனக்கு வடை பாயசத்தோடு விருந்துதான். ஆனால் இலையில் என்ன விழும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு குறை, ஒன்பதாம் வாரத்தோடு தாள் முடிந்துவிடுகிறது. அதுக்கப்புறம் வெள்ளை. கல்யாண வேலையெல்லாம் முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் மாதிரி இருந்தது வீடு. நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல யாருமில்லாததால் பழைய பட்டிமன்றம் மறுபடி கூடியது. மூன்று வாரம் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, வெட்கப்படாமல் நாலாம் வாரத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். இரண்டாம் தடவை ஐந்தாம் வாரம் என்னை ஒன்றும் செய்யவில்லை.

திட்டம் குளிர் ஊர்க்காரர்களுக்குப் போட்டது என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் ஆடிக்காற்று இருந்ததால் தப்பித்தேன். சித்திரையில், அதுவும் சென்னை மாதிரிப் புழுக்கத்தில் ஆரம்பிக்கிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், ஒரே வாரத்தை இரண்டு முறை செய்யவும் தயங்காதீர்கள். நெஞ்சு, பிரஷர், மூட்டுத் தொந்தரவு இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தாளைத் தொட வேண்டாம். எனக்கு டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகுதான் மகனே பிரிண்ட் எடுத்தான்.

எடை குறைந்ததா என்று கடையில் எல்லோரும் கேட்கிறார்கள். பதினாலு வாரத்தில் ஒரு கிலோ எண்ணூறு கிராம். அவ்வளவுதான். எடைக்காக ஓட நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். மூன்று மாதச் சர்க்கரை 5.8-க்கு வந்தது. அதில் ஓட்டத்தின் பங்கு எவ்வளவு, ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கியதன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாவது மாடியில் இருக்கிற ஆடிட்டர் ஆபீசுக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடுவில் நிற்காமல் ஏறிவிடுகிறேன், அது மட்டும் ஓட்டத்தின் வேலை என்று சத்தியம் செய்வேன்.

ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். ஐந்தாம் வாரக் குதிப்புக்கு அரை, பேரில் இருக்கிற பொய்க்கு அரை கழித்துக்கொண்டேன்.

போன வாரம் திருப்பூரில் இருக்கிற தங்கச்சிக்குத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பனியன் கம்பெனியில் நாள் பூராவும் உட்கார்ந்து வேலை, அவளுக்கும் சர்க்கரை வாசலில்தான் நிற்கிறது. உடனே பதில் வந்தது: "அக்கா, உன்ற ஷூ என்ன கலரு? அதே மாதிரி கெடச்சா வாங்கீட்டு ஆரம்பிக்கறேன்."

எங்கள் ரெண்டு பேருக்கும் கால் அளவு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி என் ஷூவையே அவளிடம் கொடுத்துவிட்டு வரப் போகிறேன். எனக்குப் புதுசு திருப்பூரிலேயே வாங்கிக்கொள்வேன், செவ்வாய்க்கிழமைக்கு வேண்டுமே.